பொறுப்பு

என் பாடம் இயற்பியல்.
நூலகம் பொறுப்பு. கணினி ஆய்வகம் பொறுப்பு.
போன மாதம் தலைமையாசிரியர்
அதே வளையத்தில் இன்னொன்றைக் கோத்துக் கொடுத்தார்:
டேப்லெட் அலமாரிச் சாவி.
"எது வந்தாலும் டீச்சர்,
கையெழுத்து உங்களுது."

தல்லாகுளத்தில் பயிற்சி.
ஜூனில் வந்தவர் சொன்னார்:
மூணே வருசம், அலமாரியெல்லாம்
காலி பண்ணத் தயாராகுங்க.
செப்டம்பரில் வந்தவர் சொன்னார்:
திரையைக் குறைங்க, கையில புத்தகம் குடுங்க.
இருவருக்கும் ஒரே நிறத்துச் சால்வை.
நாங்கள் தின்றதும் ஒரே போண்டா.
இருவர் பேசியதும் என் நோட்டில்
ஒரே நீல மையில், ஒன்றின் கீழ் ஒன்றாக.
செக்கானூரணி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.
உசிலம்பட்டி வரைக்கும் யோசித்தும்
எதை அடிப்பதென்று தெரியவில்லை.

இன்று நாலு மணிக்குள் படிவம்.
நூலகத் தலைமை: ஐந்தாண்டுத் தொலைநோக்கு.
இருநூறு எழுத்துக்குள்.
தலைமேல் சிவப்பு நட்சத்திரம்; விட்டுவிட முடியாது.

ஐந்தாண்டு.
மே மாதக் கலந்தாய்வில்
எனக்கு எந்த ஊர் என்பதே தெரியாது.
கரையான் தின்ற நாற்பத்து மூன்று புத்தகங்களைக்
கழிக்க அனுமதி கேட்டு மூன்று வருடமாகிறது.
கணினியோ யாரையும் கேட்காமல்
வியாழக்கிழமை தன்னைப் புதுப்பித்துக்கொண்டு
கடவுச்சொல் கேட்டு நிற்கிறது.
கடவுச்சொல் மாறுதல் வாங்கிக்கொண்டு
விருதுநகர் போய்விட்டது, ஆரோக்கியநாதன் சாரோடு.

கேட்டால் எழுதித் தரும் செயலி இருக்கிறதே என்றார்
ஆங்கில ஆசிரியை. அவர் படிவம் நேற்றே போய்விட்டது.
வாசித்துப் பார்த்தேன்.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
எங்கள் பள்ளியும் அதில் இல்லை.

மூன்றரை.
பதிவேடு எடுக்கப் புத்தக அலமாரிக்குப் போனவள்
அவசரத்தில் டேப்லெட் சாவியைப் போட்டுவிட்டேன்.
திறந்துகொண்டது.

பின்னால் நின்ற ஒச்சம்மாள்
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
"ஒனக்குத் தெரியுமா?"
"ஆடியிலருந்தே தெரியும் டீச்சர்.
ரெண்டு பூட்டும் ஒரே கம்பெனி."

சாவி மாட்டும் ஆணி ஆசிரியர் அறையில்
அவள் கைக்கெட்டும் உயரத்தில்தான்.

அறிவியல் ரஃப் நோட்டின் பின்பக்கம்,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள்.
பேரு. புத்தகமா டேப்பா. எடுத்த நாள். வைக்கிற நாள்.
ஏழாம் நம்பர் டேப் சார்ஜ் நிக்காது, சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்காத.
நூத்திப் பன்னெண்டுல நடுப்பக்கம் இல்ல,
கதைய காளீஸ்வரிகிட்ட கேட்டுக்க.
டேப் மத்தியானம் மட்டும். வீட்டுக்குக் கிடையாது.
ஒரு நாள் பிந்தினால் ஒரு கடலை மிட்டாய்.
பாண்டிமீனா: பதினொண்ணு பாக்கி.

எத்தனை பயிற்சிக்குப் போனேன்.
இப்படி ஒரு பக்கத்தை
எவரும் எனக்குக் காட்டியதில்லை.

"இதுக்கு யாரு பொறுப்பு?"
"வாரம் ஒருத்தி டீச்சர். இந்த வாரம் விருமாயி."

விதிப்படி இது திருட்டு.
எழுதிக் கொடுத்தால் நாலு பிள்ளைகளின் பெற்றோர்
திங்கள்கிழமை கூலியை விட்டுவிட்டு
வாசலில் நிற்பார்கள்.
எழுதாவிட்டால்
கையெழுத்து என்னுது.

மூன்று ஐம்பது.
கட்டத்துக்குள் ஒரு கோடு
எரிந்து அணைந்து எரிந்தது.
புதிய போக்குகள் ஏதேனும் இருப்பின் குறிப்பிடவும்
என்று கீழே இன்னொரு கட்டம்.
அதற்கு நட்சத்திரம் இல்லை.

கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.
கழிக்க வேண்டிய பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்தேன்,
ஓரம் மட்டும் அரித்தது.
"எனக்கும் ஒண்ணு எழுது."

விருமாயி சிரிக்கவில்லை.
கோடு போட்டாள், என் பேரை எழுதினாள்,
இனிஷியல் கேட்டு எழுதினாள்.
"வைக்கிற நாள் டீச்சர்?"

மே மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"தெரியலையேம்மா."

பேனாவை மூடினாள்.
"அது தெரியாமக் குடுக்கிறதில்ல டீச்சர்."